நடுங்கும் ஸ்டியரிங்: மருந்து நோயை மறைக்கலாமா?

அமெரிக்காவில் கரடுமுரடான மலைப்பாதைகளில் ஓட்டுவதற்காக, ஜீப் ராங்லர் வண்டியின் ஸ்பிரிங்குகளை மாற்றி, மூன்று நான்கு அங்குலம் உயர்த்திக் கொள்வோர் பலர். இவ்வாறு உயர்த்திய சில வண்டிகளில் ஒரு விபரீதம் நேர்கிறது. மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் செல்லும்போது சாலையில் ஒரு சிறு மேடு தட்டினால் போதும்; முன்சக்கரங்கள் இடமும் வலமுமாக வெடவெடக்கின்றன. ஸ்டியரிங் கைக்கு அடங்குவதில்லை. வேகத்தை நன்கு குறைத்த பின்னரே ஆட்டம் ஓய்கிறது. அங்கே இதற்கு ‘மரண ஆட்டம்’ என்றே பெயர்.

இதற்குப் பலரும் கூறும் விளக்கம் ஒத்ததிர்வு. பலரும் செய்யும் வைத்தியம் வலுவான ஸ்டியரிங் டாம்பர். இரண்டும் அரைகுறையானவை.

மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 20 மீட்டர். 80 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் அவ்வேகத்தில் வினாடிக்கு ஏறத்தாழ 8 முறை சுழலும். சக்கரத்தின் எடை ஒரு பக்கம் மிகுந்திருந்தால் வினாடிக்கு 8 உதைகள் விழும். அது முன் அச்சின் இயல் அதிர்வெண்ணோடு பொருந்தினால் வீச்சு பெருகும். இதுவரை சரியே. ஆனால் ஒத்ததிர்வு மட்டுமே காரணமானால், அவ்வேகத்தை எட்டும்போதெல்லாம் நடுக்கம் வரவேண்டும். சற்று வேகம் மாறினால் மறையவேண்டும். இதுவோ ஒரு மேட்டுக்காகக் காத்திருக்கிறது. தொடங்கியபின் எளிதில் விடுவதில்லை.

வயலின் வில் ஒரே சீராகத்தான் இழுக்கப்படுகிறது. தந்தியோ அதிலிருந்து ஆற்றலைப் பெற்றுத் தானாகவே அதிர்கிறது. அதுபோல வண்டியின் முன்னோட்டமே இந்த ஆட்டத்துக்குத் தீனி போடுகிறது. ராங்லரின் இரு முன்சக்கரங்களையும் ஒரே அச்சு இணைக்கிறது. ஒரு சக்கரம் மேலெழுந்தால் அச்சு முழுவதும் சாய்கிறது. சுழலும் சக்கரங்கள், சாய்க்கப்பட்ட பம்பரம் போல, பக்கவாட்டில் திரும்புகின்றன. பிரெஞ்சுப் பொறியாளர் புரூலியே 1925-இலேயே இத்தகைய நடுக்கத்தை ஆராய்ந்தார். 1934 முதல் அமெரிக்கக் கார்களில் முன்சக்கரங்களைத் தனித்தனியே பொருத்தும் முறை பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

வண்டியை உயர்த்தும்போது கேஸ்டர் கோணம் குறைகிறது. சக்கரம் தானே நேராகும் இயல்பு தளர்கிறது. அச்சைப் பக்கவாட்டில் நகரவிடாமல் பிடிக்கும் டிராக் பார் சரிவாகிறது. அதன் போல்ட்டுக்கும் புஷ்ஷுக்கும் பளு கூடுகிறது. இந்த ஆட்டத்தை டாம்பர் நீக்குவதில்லை. அலைவின் ஆற்றலை வெப்பமாக்கி அமுக்கி வைக்கிறது. உள்ளே தேய்மானம் தொடர்கிறது. டாம்பர் சோர்ந்த அன்று நோய் திரும்புகிறது.

2019-இல் தயாரிப்பு நிறுவனமே புதிய ராங்லர்களுக்கு டாம்பரை மாற்றித்தர முன்வந்தது உண்மை. ஆயினும் அந்த வைத்தியத்தை, உயர்த்திக் கட்டித் தேய்ந்துபோன வண்டிக்கும் போதுமென்று கொள்வது பிழை.

முறையான சோதனை எளிது. முதலில் டயரின் காற்றழுத்தத்தையும் எடைச் சமனையும் பார்க்க வேண்டும். பிறகு நின்ற வண்டியில் என்ஜினை இயக்கி, ஒருவர் ஸ்டியரிங்கை இருபுறமும் சிறிது சிறிதாகத் திருப்ப, மற்றொருவர் டிராக் பார், டை ராடு, பால் ஜாயிண்ட் ஆகியவற்றின் இணைப்புகளைக் கவனிக்க வேண்டும். எங்கே ஆட்டம் தெரிகிறதோ அங்கே பழுது. அதை நீக்கியபின் கேஸ்டர் கோணத்தைச் சரிசெய்து, இறுதியாகவே டாம்பரை மாற்ற வேண்டும்.

தடையுறு அலைவைப் பாடத்தில் படிக்கும் மாணவர்கள் இதை நினைவில் கொள்ளலாம்: அலைவை அடக்குவது வேறு, அதற்கு ஆற்றல் வரும் வழியை அடைப்பது வேறு.