பனியாறும் பொய்ந்நீலமும்

கங்கோத்திரிப் பனியாற்றைப் படமெடுக்கச் செல்வோர் வெண்மையும் நீலமும் ஒளிரக் காண்போம் என்றே எண்ணுகின்றனர். கோமுகத்தில் அவர்கள் காண்பதோ கல்லும் மண்ணும் படிந்த சாம்பல் நிறம். ஏமாற்றமுற்றோர் பின்னர்க் கணினியில் நீலத்தைக் கூட்டுகின்றனர். இது திருத்தமன்று, திரிபு.

திருத்துதலே தவறு என்பதன்று நம் கருத்து. வெண்பனியைப் படப்பெட்டி தானாகவே மங்கலாக்கிவிடும். அதனை மீண்டும் வெண்மையாக்குதல் கண்டதை மீட்பதேயாம். காற்றுக்குமிழி குறைந்து இறுகிய பனிக்கட்டி செந்நிற ஒளியை உட்கொள்வதால் நீலமாகத் தோன்றும். அந்நீலத்தை உள்ளவிடத்தில் காட்டலாம், இல்லாதவிடத்தில் பூசலாகாது.

ஜேம்ஸ் பேலாக் 2007-இல் தொடங்கிய பணியில், ஓரிடத்தே நிறுத்திய படப்பெட்டிகள் பனியாறுகள் பின்வாங்குவதை ஆண்டுக்கணக்கில் பதிவுசெய்தன. அப்படங்களைச் சான்றாக்கியது அவற்றின் நேர்மையே. கோமுகமும் பின்வாங்கி வருகின்றது. அதன் சாம்பலை மறைத்த படம், நாளை ஒப்பிட்டுக் காண்போர்க்கு என்ன சான்று கூறும்?