எக்கோவிடம் என்ன கேட்கிறோம்?

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களுக்கு இதயத்துடிப்பு தாறுமாறாவது அரிதல்ல. இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இத்தகைய கோளாறுகளில் முதன்மையானது. நுரையீரல், உணவுக்குழாய் அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின் இது வரலாம். சில ரத்தப் புற்றுநோய்களுக்குத் தரப்படும் இப்ருட்டினிப் மருந்தாலும் வரலாம். இ.சி.ஜி.யில் கோளாறு உறுதியானதும் பெரும்பாலும் எக்கோ (இதயத்தை ஒலியலைகளால் படமெடுக்கும் பரிசோதனை) எடுக்கச் சொல்கிறார்கள். அது சரியான வழக்கம்தான். ஆனால் என்ன தெரிந்துகொள்ள எடுக்கிறோம் என்ற தெளிவில்லாமல் எடுக்கும் எக்கோ, நோயாளியைத் தவறான முடிவுக்கும் இட்டுச் செல்லும்.

எக்கோவின் பலம் பெரிது. கதிர்வீச்சு கிடையாது, கீமோவில் தளர்ந்தவருக்குப் படுக்கையருகிலேயே எடுத்துவிடலாம். கிடைக்கும் விடையும் மருந்துச்சீட்டையே மாற்றக்கூடியது. இடது கீழறையின் ரத்த வெளியேற்ற அளவு 40 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால், துடிப்பின் வேகத்தைக் குறைக்க டில்டியாசெமோ வெரபமிலோ தரக்கூடாது. கீமோ மருந்தான டாக்ஸோரூபிசின் இதயத்தசையை நலியச் செய்திருந்தால் அதுவும் தெரியும். நுரையீரல், மார்பகப் புற்றுநோயில் இதய உறைக்குள் நீர் கோத்துக்கொள்வதுண்டு. அந்த அழுத்தத்தைச் சமாளிக்கத்தான் இதயம் விரைகிறது என்றால், வேகத்தைக் குறைக்கும் மருந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எக்கோ அதைச் சில நிமிடங்களில் காட்டிவிடும்.

மின்அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கும் முன், இடது மேலறையில் ரத்தக்கட்டி இல்லை என்பது உறுதியாக வேண்டும். ஓரிரு நாள் கடந்த கோளாறென்றால், 3 வாரம் ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து கொடுத்துக் காத்திருப்பது வழக்கம். உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோ இந்தக் காத்திருப்பைத் தவிர்க்க உதவுகிறது. 1,222 பேரிடம் நடந்து 2001-இல் வெளியான அக்யூட் ஆய்வில், பக்கவாதம் போன்ற அடைப்புகளில் இரு வழிகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. எக்கோ வழியில் ரத்தக்கசிவு குறைவாகவே இருந்தது. அடுத்த கீமோவுக்கு நாள் குறித்திருப்பவருக்கு இந்த வாரங்கள் மிக முக்கியம்.

குறைகளும் சிறியவை அல்ல. அளக்கப்போகும் கோளாறே அளவைக் குலைக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தம் மாறுவதால், பல துடிப்புகளின் சராசரி எடுத்தாக வேண்டும். அவசரத்தில் அது நடப்பதில்லை. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2022 வழிகாட்டி, இதயத்தசையின் சுருக்க அளவு முன்பைவிட 15 சதவீதத்துக்கு மேல் சரிவதைத் தொடக்கநிலைப் பாதிப்பின் அடையாளமாகக் கொள்கிறது. துடிப்பு ஒழுங்கற்றிருக்கும்போது இத்தகைய சரிவு அளவீட்டுப் பிழையாகவும் இருக்கலாம். வேகமே இதயத்தைத் தற்காலிகமாகத் தளர்த்தியும் இருக்கலாம். அந்த ஓர் எண்ணை நம்பிப் புற்றுநோய் மருந்தான டிராஸ்டுசுமாபை நிறுத்தினால், இதயத்தைக் காப்பதாக எண்ணிப் புற்றுநோய்க்கு இடம் கொடுத்தவர்களாவோம்.

இடது மார்பகத்தை அகற்றியவர்களுக்கும் அங்கே கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் படம் தெளிவாக விழாமல் போகலாம். உணவுக்குழாயிலேயே கட்டி இருந்தாலோ, தட்டணுக்கள் மிகக் குறைந்திருந்தாலோ உள்வழி எக்கோ ஆபத்தானது.

இவற்றைவிடக் கவலை தருவது ‘எக்கோ நார்மல்’ என்ற சொல் தரும் நிம்மதி. இப்ருட்டினிப் எடுப்பவரின் எக்கோ நன்றாக இருந்தும் துடிப்பு தடம் புரளலாம். ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து தருவதா என்ற கடினமான கேள்வியில் எக்கோ ஒரு பக்கத்தையே பேசுகிறது. தட்டணு எண்ணிக்கை, மூளைக்குப் பரவிய கட்டி, குடலில் கசியும் புண் ஆகியவை அதில் தெரியாது. பக்கவாத அபாயத்தைக் கணிக்கும் வழக்கமான மதிப்பெண் முறையிலும் புற்றுநோய் சேர்க்கப்படவில்லை.

ஆகவே, இதயத்தைப் பாதிக்கக்கூடிய சிகிச்சை தொடங்கும் முன்பே ஓர் எக்கோ எடுத்து வைக்க வேண்டும். ஒப்பிட ஒன்று இல்லாமல் சரிவை அறிய வழியில்லை. பரிசோதனைச் சீட்டில் கேள்வியைத் தெளிவாக எழுத வேண்டும். விரையும் இதயத்தில் எடுத்த அளவை, வேகம் அடங்கியபின் மறுபடி பார்க்காமல் புற்றுநோய் மருந்தை நிறுத்தக்கூடாது. இதய மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் ஒன்றாக உட்கார்ந்து அறிக்கையைப் படித்தால்தான், ஒரு நோய்க்கான முடிவு இன்னொரு நோய்க்குப் பாதகமாகாமல் இருக்கும்.