கடைசிப் பக்கத்தில் இருந்த ஊர்

பழைய பத்திரிகைக் கட்டைப் பிரிக்கும் ஆய்வாளர் முதலில் தேடுவது தலையங்கத்தை. அடுத்து, பெயர் தெரிந்த எழுத்தாளர் யாராவது எழுதியிருக்கிறாரா என்று பார்ப்பார். சந்தா பாக்கி அறிவிப்பு, மருந்து விளம்பரம், கப்பல் புறப்படும் நாள், பத்திராதிபருக்கு வந்த கடிதம் ஆகியவற்றை அவர் கண் தாண்டிப் போய்விடும். ஊர் இருந்ததோ அங்கேதான். ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று ஆசிரியர் விரும்பியதைத் தலையங்கம் சொல்லும். எப்படி இருந்தது என்று அறியக் கடைசிப் பக்கத்துக்குத்தான் போக வேண்டும்.

தமிழ் இதழியல் ஆய்வின் முதல் தலைமுறை பட்டியல் போட்டது. மயிலை சீனி. வேங்கடசாமி, சோமலெ, மா.சு. சம்பந்தன், அ.மா. சாமி போன்றோர் எந்த இதழ் எந்த ஊரில் எப்போது பிறந்தது, யார் நடத்தினார்கள் என்று தேடித் தொகுத்தார்கள். அந்த உழைப்பு இல்லாவிட்டால் பல இதழ்களின் பெயர்கூட நமக்குத் தெரிந்திருக்காது. அடுத்து வந்தவர்கள் இதழ்களைச் சமூக வரலாற்றுக்குச் சான்றாக்கினார்கள். ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ ஒரு பானம் வீட்டுக்குள் வந்த கதையை எழுதியது. ஜே. பாலசுப்பிரமணியத்தின் ‘சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை’ 1869 முதல் 1943 வரையிலான தலித் இதழ்களை ஒரே வரிசையில் வைத்துப் பார்த்தது. மூன்றாவது வேலை இன்னும் பாதியில் நிற்கிறது. இந்த இதழ்களை வாசித்தவர் யார் என்று கண்டுபிடிக்கும் வேலை அது.

யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்கலாம். அமெரிக்க மிஷனின் ‘உதயதாரகை’ 1841 ஜனவரி 7ஆம் தேதி வெளிவந்தது. தமிழும் ஆங்கிலமுமாக மானிப்பாயில் அச்சிடப்பட்டது. ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் உள்ளூர்த் தமிழர்கள். கிறிஸ்தவம் பரப்ப எழுந்த இதழ் என்று ஒரே வரியில் முடித்துவிட இதை எடுத்தால் ஏமாந்துபோவோம். 1842 செப்டம்பரில் 200 சைவர்கள் ஒரு சிவன் கோயில் மடத்தில் கூடி, வேதமும் ஆகமமும் கற்பிக்கப் பள்ளியும் நூல் அச்சிட அச்சகமும் வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அந்தக் கூட்டத்தைப் பற்றி அனுதாபத்தோடு எழுதியவர் ஆறுமுக நாவலர். எழுதிய இடம் உதயதாரகை! கூட்டம் நடந்தபோது அவருக்கு வயது 19. பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கு உதவிக்கொண்டிருந்தார்.

மிஷனை எதிர்த்து நிற்கப்போகிற இயக்கத்தின் செய்தியே மிஷன் இதழில் இடம்பெறுகிறது என்றால், அந்த இதழின் வாசகர்களில் சைவர்களும் கணிசமாக இருந்தார்கள் என்றுதான் பொருள். சொந்தப் பத்திரிகை இல்லாதவர்கள் எதிராளியின் திண்ணையிலேயே உட்கார்ந்து வாதிட்டார்கள். சைவ பரிபாலன சபையின் ‘இந்து சாதனம்’ வர 1889 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்துச் சைவ யாழ்ப்பாணத்தைத் தேடுபவர் கிறிஸ்தவ இதழையும் புரட்டியாக வேண்டும்.

சிங்கப்பூரின் கதை வேறு. விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்த ஐம்பதாம் ஆண்டு விழாவையொட்டி, 1887 ஜூன் 27, திங்கட்கிழமை, ‘சிங்கை நேசன்’ தொடங்கியது. நடத்தியவர் சி.கு. மகுதூம் சாயபு. தீனோதய யந்திரசாலையில் அச்சாகி வாரந்தோறும் வந்தது. மூன்றாண்டுகள் ஓடிய இந்த இதழில் 1888இல் வந்த ‘வினோத சம்பாஷணை’யைச் சிங்கப்பூரின் முதல் தமிழ்ச் சிறுகதை என்று நா. கோவிந்தசாமி முன்வைத்தார். இலக்கிய வரலாற்றை அது பின்னோக்கி நீட்டியது உண்மை. ஆனால் அந்தக் கதைக்கு மேலும் கீழும் என்ன அச்சாகியிருந்தது என்று கேட்டவர்கள் குறைவு. கப்பல் செய்தியைப் படிப்பதற்காகப் பத்திரிகையைப் பிரித்த வணிகர்தான் பக்கத்துப் பத்தியில் கதையையும் படித்திருப்பார். கதை ஏன் உரையாடலாக எழுதப்பட்டது என்பதற்கான விடைகூட அந்தப் பக்கத்து அமைப்பில் இருக்கலாம்.

நாகூர் குலாம் காதிறு நாவலர் பினாங்கில் ‘வித்தியா விசாரிணி’யை நடத்தியதையும் சேர்த்துப் பார்த்தால், ‘உள்ளூர்’ என்ற சொல்லுக்கே புதுப் பொருள் கிடைக்கிறது. நாகூரும் பினாங்கும் சிங்கப்பூரும் இந்த வாசகர்களுக்கு ஒரே தெருவின் மூன்று வீடுகள். எது உள்ளூர் என்பதைத் தபாலும் கப்பலும் தீர்மானித்தன.

தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரின் இதழ் இதை இன்னும் துலக்கமாகக் காட்டுகிறது. ‘ஒரு பைசாத் தமிழன்’ 1907 ஜூன் 19ஆம் தேதி இராயப்பேட்டையிலிருந்து வெளிவந்தது. நான்கு பக்க வார இதழ். ரூபாய்க்கு 64 பைசா இருந்த காலத்தில் விலை ஒரு பைசா. யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதை விலையே தலைப்பில் நின்று சொன்னது. ஓராண்டு கழித்து, வாசகர்கள் கேட்டுக்கொண்டதால், 1908 ஆகஸ்ட் 26 முதல் அது ‘தமிழன்’ ஆயிற்று. பத்திரிகையின் பெயரையே மாற்றச் சொல்லும் உரிமை தமக்கு உண்டு என்று நம்பிய வாசகர்கள் அவர்கள். கோலார் தங்கவயலிலும் இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் தமிழனுக்கு வாசகர்கள் இருந்தார்கள். அயோத்திதாசர் 1914இல் மறைந்தார். 1926இல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து தமிழனை மறுபடி கொண்டுவந்தார். ஆசிரியர் போன பிறகு வாசகர்களின் ஊரே இதழை எடுத்துக்கொண்டது.

வாசகர் எத்தனை பேர் என்ற கேள்விக்குச் சந்தாக் கணக்கு விடை தராது. 1901 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 5 பேர். ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்ட காலம் அது. சந்தா கட்டியவர், கட்டாமல் இழுத்தடித்தவர், பணம் கட்டிப் பெற வேண்டிய வி.பி.பி. தபாலைத் திருப்பி அனுப்பியவர், இரவல் வாங்கியவர், காதால் கேட்டவர் எல்லாரும் வாசகர்களே. சந்தா பாக்கி அறிவிப்பு முதலில் ‘கனவான்களே’ என்று கெஞ்சும், பிறகு கடிந்துகொள்ளும். ஆசிரியரின் கடனையும் வாசகரின் மடிக்கனத்தையும் ஒரே மூச்சில் சொல்லும் ஆவணம் அது.

வாசகரை எழுத்தாளராக்கிய இதழும் உண்டு. கோலாலம்பூரின் ‘தமிழ் நேசன்’ 1950இல் சுப. நாராயணனையும் பைரோஜி நாராயணனையும் கொண்டு ‘கதை வகுப்பு’ நடத்தியது. மலேசியத் தமிழ்ப் புனைகதையின் ஒரு தலைமுறை அந்த வகுப்பில் உட்கார்ந்து எழுந்தது.

எச்சரிக்கையும் வேண்டும். ஒரு பத்திரிகை ஒரு சமூகத்தின் குரல் என்றால், அந்தச் சமூகத்துக்குள் யாருடைய குரல் என்று உடனே கேட்க வேண்டும். பெண்களைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். புனைபெயரில் வந்த கடிதத்தை ஆசிரியரே எழுதியிருக்கவும் கூடும். சென்னை அரசின் மொழிபெயர்ப்பாளர்கள் இரகசியமாகத் தயாரித்த பத்திரிகை அறிக்கைகளால், மூலப்பிரதி அழிந்த இதழ்களின் சாரம் சில நமக்குக் கிடைக்கிறது. ஆனால் ராஜ விசுவாசத்தை அளக்க வந்தவர்கள் மருந்து விளம்பரத்தை ஏன் மொழிபெயர்க்கப் போகிறார்கள்?

பிழைத்தவையும் சீராகப் பிழைக்கவில்லை. கந்தல் துணியில் செய்த பழைய தாள் இன்னும் மடங்குகிறது. மரக்கூழில் செய்த பிற்காலத் தாள் தொட்டால் பொடிகிறது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ‘ஈழநாடு’ பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. அந்தச் சாம்பலுக்குப் பிறகு, 2005 முதல், ‘நூலகம்’ திட்டத்தினர் ஈழத்து இதழ்களை மின்வடிவில் சேர்த்துவருகிறார்கள். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியமும், சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் செய்வது மதிப்பிட முடியாத பணி. ஆனாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய எழுத்து வடிவங்களும், தேய்ந்த அச்சில் மறைந்த புள்ளியும் கணினியைத் தடுமாறவைக்கின்றன. தேடல் பெட்டியில் பெயரைத் தட்டுபவருக்குப் பெயர் கிடைக்கும். பெயரில்லாத வாசகரை அப்படித் தேட முடியாது.

நம் தொகுப்பு முறையிலும் ஒரு குறை இருக்கிறது. ஞான. அலாய்சியஸ் 1999இல் பதிப்பித்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ இல்லையென்றால் அயோத்திதாசர் இவ்வளவு பரவலாக நம்மிடம் வந்திருக்க மாட்டார். அதில் கட்டுரைகள் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கப்பட்டுள்ளன. சிந்தனையாளரை மீட்க அதுவே வழி. ஆனால் புதன்கிழமைதோறும் வந்த நான்கு பக்கத்தை அந்த அடுக்கில் காண முடியாது. ஏறக்குறைய நம் இதழ்த் தொகுப்புகள் எல்லாமே இப்படித்தான் கட்டுரையை எடுத்துக்கொண்டு பக்கத்தை விட்டுவிட்டன.

இனி தொகுப்பவர்களிடமும், வீட்டுப் பரணில் பழைய கட்டு வைத்திருப்பவர்களிடமும் கேட்க ஒன்றுதான் உண்டு. கத்தரிக்காதீர்கள். விளம்பரம், விலை, சந்தா விவரம், அச்சகத்தின் முகவரி எல்லாம் தெரியும்படி முழுப் பக்கத்தையும் படமெடுத்து ஒரு நூலகத்திடம் சேர்த்துவிடுங்கள். எது முக்கியம் என்பதை அடுத்து வருகிறவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.