கோடு போடுறவனுக்கு எத்தனை மார்க்?

நமக்கு மார்க் போட்டே பழகியவர்கள் ஏராளம். கையெழுத்துக்குப் போட்டார்கள், உச்சரிப்புக்குப் போட்டார்கள், உடுத்துகிற துணிக்குப் போட்டார்கள். நாம் எழுத வந்த பிறகு 'கோபம் இருக்கு, கலை நயம் போதாது' என்று குறைத்துப் போட்டார்கள். ஒரு மாறுதலுக்கு நாம் போட்டுப் பார்ப்போமே. எடுத்துக்கொண்ட பிரதி இலக்கியம் அல்ல. உலகக் கோப்பைக் கால்பந்தை ஒட்டிப் பன்னாட்டுக் கம்பெனிகள் எடுத்த தொலைக்காட்சி விளம்பரப் படங்கள். மூணு நிமிசம் ஓடுகிற சமாச்சாரம்தானே என்று தோழர்கள் ஒதுக்க வேண்டாம். நாவல் நுழையாத காலனி வீட்டுக்குள்ளும் விளம்பரம் நுழைகிறது. எது வெற்றி, எது தோல்வி என்று நம்ம பயலுக மனசில் எழுதிவிட்டுப் போகிறது.

மதுரையைச் சுற்றிய சமவெளியில் கால்பந்து பெரிய ஆட்டம் இல்லை. கிரிக்கெட்டும் கபடியும்தான். ஆனாலும் உலகக் கோப்பை பெரும்பாலும் ஆனி மாதத்தில் வருகிறது. கம்மாய் வற்றிக் கிடக்கிற காலம். டி.வி.யில் பார்த்த சூட்டோடு பயலுக பந்தைத் தூக்கிக்கிட்டுக் கம்மாய்க்குள் இறங்குவார்கள். பேருக்குத்தான் கம்மாய் பொதுச்சொத்து. மீன் ஏலம் யாருக்கு, மர ஏலம் யாருக்கு, மடையை யார் திறப்பது என்பதெல்லாம் யார் கையில் இருக்கிறது என்று இந்த வாசகர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆடுகிற மண்ணுக்கும் ஒரு அதிகாரம் உண்டு என்று தெரிந்த கண்ணோடுதான் நான் இந்தப் படங்களைப் பார்த்தேன். என் கேள்விகள் மூன்று. பந்து யார் கையிலிருந்து வந்தது? ஆளைப் பொறுக்குகிறவன் யார்? ஆட்டம் முடிந்ததும் ஆடியவன் எங்கே போகிறான்?

முதல் படம் 1998இல் நைக்கிக்காக ஜான் வூ எடுத்தது. விமானத்துக்குக் காத்திருக்கும் பிரேசில் அணி, சலிப்புத் தட்டி விமான நிலையத்துக்குள்ளேயே பந்தை உதைக்கிறது. சோதனை எந்திரம், ஓடுபாதை எதுவும் பந்தைத் தடுக்கவில்லை. கடைசியில் ரொனால்டோ அடித்தது கம்பத்தில் பட்டு விலகுகிறது. பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது நமக்கு எந்த வருஷம்? 1997 ஜூன் 30இல் மேலூர்ப் பக்கம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் இன்னும் ஐந்து பேரையும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். தனி ஊராட்சியில் நின்று ஜெயித்ததுதான் அவர் செய்த குற்றம். சரியாக ஒரு வருஷம் கழித்து, 1998 ஜூன் 30இல், பிரான்சில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் மோதின. பந்து எல்லாச் சோதனையையும் தாண்டிப் போகிறது. ஜெயித்த தலைவர் பஸ்ஸில் ஊர் வந்து சேர முடியவில்லை. அந்தக் கொலைக்கும் நைக்கிக்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனால் குறும்பும் திறமையும் இருந்தால் எந்தக் காவலையும் தாண்டலாம் என்று அந்தப் படம் சொல்கிறதே, அந்தச் சலுகை யாருக்குக் கிடைக்கும்? நம்ம பயல் அங்கே பந்தை உதைத்தால் படம் எடுப்பார்களா, பிடித்து உள்ளே வைப்பார்களா? பத்துக்கு மூன்று.

இரண்டாவது, 2006இல் அடிடாஸ் எடுத்த 'ஹோசே + 10'. ஏழைக் குடியிருப்பின் முற்றம். ரெண்டு சிறுவர்கள் ஆள் பிரிக்கிறார்கள். பேரைச் சொல்லக் கூப்பிட்டால் ஜிதான் வருகிறார், பெக்காம் வருகிறார். பழைய படச்சுருளிலிருந்து பெக்கன்பாவரும் பிளாட்டினியும்கூட இறங்கி வருகிறார்கள். கடைசியில் அம்மா கூப்பிட்டதும் ஆட்டம் கலைகிறது. இந்தப் படம் எனக்குப் பிடிக்கும். யார் யாரைப் பொறுக்குவது என்பதுதானே சாதி? பொறுக்கப்படுவதற்காகக் காத்துக் கிடந்தவனே இங்கே பொறுக்குகிறவனாக நிற்கிறான். ஆட்டத்துக்குப் பிறகு அவனுக்கு ஒரு வீடும் அம்மாவும் இருப்பதையும் காட்டுகிறார்கள். முதல் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. பத்துக்கு ஆறு.

அந்த முதல் கேள்விக்கு நானே பதில் சொல்கிறேன். பழைய பந்துக்கு 32 துண்டு. அறுகோணம் இருபது, ஐங்கோணம் பன்னிரண்டு. பாகிஸ்தானில் சியால்கோட்டிலும் இந்தியாவில் ஜலந்தரிலும் ஊசி போட்டுக் கையால் தைத்தார்கள். ஜலந்தரில் தைத்த குடும்பங்களில் பெரும்பாலானவை தலித் குடும்பங்கள். சின்னப் பிள்ளைகளையும் உட்காரவைத்துத் தைத்த விஷயம் உலகத்துக்குத் தெரிந்து நாறிய பிறகுதான், சியால்கோட்டுக்காக 1997இல் அட்லாண்டாவில் ஒப்பந்தம் போட்டார்கள். பிறகு செயற்கைத் தோலைச் சூட்டில் ஒட்டும் முறை வந்தது. 2014 உலகக் கோப்பையின் ஆறு துண்டுப் பந்தையும் சியால்கோட்டில் செய்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? நைக்கிக்குக் காலணி செய்கிற ஆலை நம்ம செய்யாற்றிலேயே இருக்கிறது. வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தோலைத் தொட்டவன் தீட்டு, அந்தத் தோலால் செய்த பந்தைத் தொட்டவன் தெய்வம்! இந்தப் படங்களில் பந்து ஆகாயத்திலிருந்து வருகிறது. கை தெரிவதே இல்லை.

மூன்றாவது, தென்னாப்பிரிக்கப் போட்டிக்காக 2010இல் பெப்சி எடுத்தது. ஆப்பிரிக்கப் புல்வெளியில் மெஸ்ஸி, ட்ரோக்பா, ஹென்றி எல்லாம் உள்ளூர் ஆட்களோடு ஆடுகிறார்கள். மைதானத்தின் எல்லைக்கோடே சனங்கதான். வரிசையாக நின்று கோடாகிறார்கள், நினைத்தபோது நகர்கிறார்கள், நட்சத்திரங்கள் திணறுகிறார்கள். ஊர் இழுத்த கோட்டுக்கு அங்கிட்டே நின்ற சனம், கோட்டைத் தானே நகர்த்துவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் ஆசையும் வந்தது. ஆனால் எல்லாம் ஒரு பாட்டிலுக்காக. அந்தப் பாட்டிலுக்குள் யார் தண்ணீர்? கங்கைகொண்டான் ஆலைக்குத் தாமிரபரணித் தண்ணீரைக் கொடுக்கக் கூடாது என்று மதுரை உயர்நீதிமன்றக் கிளை 2016 நவம்பரில் இடைக்காலத் தடை போட்டது. 2017 மார்ச்சில் அந்தத் தடை போய்விட்டது. கோட்டை நகர்த்துகிற உரிமையைப் படத்தில் கொடுத்துவிட்டுத் தண்ணீரை இவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பத்துக்கு ஐந்து.

நான்காவது படத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். 2010இல் நைக்கி எடுத்த 'எதிர்காலத்தை எழுது'. இயக்கியவர் இன்யாரிட்டு. 2011 கான் விளம்பர விழாவில் பெரும் பரிசு வாங்கியது. இங்கிலாந்தின் ரூனி கொடுத்த பந்து எதிரி காலுக்குப் போகிறது. உடனே அவர் மனக்கண்ணில் தன் எதிர்காலம் ஓடுகிறது. தாடி வளர்ந்து, தொப்பை போட்டு, ஒட்டை வண்டி வீட்டில் குடியிருந்துகொண்டு, மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிறார். பதறிப்போய் ஓடிப் பந்தைப் பறிக்கிறார். இப்போது எதிர்காலம் மாறுகிறது. ராணி பட்டம் கொடுக்கிறார், பங்குச் சந்தை ஏறுகிறது, பிறக்கிற பிள்ளைக்கெல்லாம் அவர் பேரு.

இந்தப் படத்தை எங்கள் இரவுப் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் போனில் போட்டுக் காட்டினேன். ஆறாவது படிக்கிற பையன் கேட்டான்: "அண்ணே, அவருக்குத்தான் வேலை இருக்குல்ல? அப்பறம் ஏன் பாவமாக் காட்டுறாய்ங்க?"

கான் விழா நடுவர்களுக்குத் தோன்றாத கேள்வி. அவன் அப்பா துப்புரவு வேலைக்கு ஒப்பந்தத்தில் போகிறவர். மைதானத்துக்குக் கோடு போடுகிற வேலை அவனுக்கு ஒரு நல்ல வேலை. படமோ அதை நரகம் என்கிறது. தோற்றால் என்ன ஆவாய்? உழைப்பாளி ஆவாய். இதைத்தான் மனுவும் சொன்னான், வேறு பாசையில். உழைப்பை இழிவாக்கி, இழிவை ஒரு ஆளின் தலையில் எழுதி, அதற்கு 'விதி' என்று பேர் வைத்தான். இவர்கள் 'எதிர்காலம்' என்று வைத்திருக்கிறார்கள். கோடு இல்லாமல் கோல் ஏது? எடுத்த விதம், வெட்டி ஒட்டிய வேகம், எல்லாம் அபாரம். அதனால்தான் அபாயம். பத்துக்குப் பூஜ்யம்.

கடைசியாக, 2023 பெண்கள் உலகக் கோப்பைக்குப் பிரான்சின் ஆரஞ்ச் தொலைபேசிக் கம்பெனி எடுத்தது. எம்பாப்பேயும் கிரீஸ்மனும் பின்னி எடுக்கிறார்கள், நாம் கை தட்டுகிறோம். அப்புறம் உண்மையை உடைக்கிறார்கள். ஆடியதெல்லாம் பெண்கள் அணி. கணினியில் ஆண்களின் முகத்தை ஒட்டியிருக்கிறார்கள். அதே கால், அதே உதை. நாம் கை தட்டியது ஆட்டத்துக்கா, முகத்துக்கா? இந்தச் சூது நமக்குப் புதுசு இல்லை. பேரை மறைத்துத் திருத்தின விடைத்தாளில் வருகிற மார்க் வேறு, பேரும் ஊரும் கேட்டுத் தெரிந்துகொண்டு நேர்முகத்தில் போடுகிற மார்க் வேறு. பார்க்கிறவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற துணிச்சல் மற்ற நாலு படத்திலும் இல்லை. ஆனால் பெண் கைதட்டல் வாங்க முதலில் ஆண் முகத்தைப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது, அதற்காக ரெண்டைக் குறைக்கிறேன். பத்துக்கு எட்டு.

விடுதி மாணவர்கள் இந்த மார்க்கோடு சண்டை போடலாம், நாலாவது கேள்வியும் சேர்க்கலாம். அடுத்த உலகக் கோப்பைக்குப் புதுப் படங்கள் வரும்போது உங்கள் தெருப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாருங்கள், அவர்களையே மார்க் போடச் சொல்லுங்கள். பந்தைத் தைத்தவளையும் கோடு போட்டவனையும் காட்டாத படத்துக்கு அவர்கள் பாஸ் மார்க் போடுகிறார்களா என்று எனக்கு எழுதுங்கள்.