அருவிக்குள் வசிக்கும் மீனை எப்படி ரசிப்பது?

ஆழ்கடலின் அடியில் வாழும் மீனைப் பற்றிக் கேள்விப்படும்போதெல்லாம் நமக்குள் ஒரே கேள்விதான் எழுகிறது: அந்த அழுத்தத்தில் அது எப்படி நசுங்காமல் இருக்கிறது? 2022-ல் ஜப்பானை ஒட்டிய இசு-ஒகசவாரா அகழியில், 8,336 மீட்டர் ஆழத்தில், ஒரு நத்தைமீன் நீந்துவதைத் தானியங்கிக் கேமரா படம் பிடித்தது. இதுவரை இதைவிட ஆழத்தில் எந்த மீனும் படமாகவில்லை என்று அறிவித்தார்கள். அங்கே ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மேல் 800 கிலோவுக்கும் அதிகமான பாரம் அமர்ந்திருக்கிறது. நம்மால் அங்கே போய்ப் பார்க்க முடியாது. சென்னையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிவரும் மத்ஸ்யா 6000 கலத்தின் இலக்குகூட மூன்று பேரை 6,000 மீட்டர் வரை இறக்குவதுதான்.

ஆனால் அதே கேள்வியைக் கணுக்கால் நனையும் தண்ணீரில் நின்றபடியே கேட்கலாம். அதற்கான இடம் தென்காசியிலிருந்து 5 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது.

குற்றாலத்துக்கு வருகிறவர்கள் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழைந்து, ஜூன் தொடங்கிச் சாரலாகத் தூவி, திரிகூட மலையின் ஓடைகளைப் பேரருவியாகவும் ஐந்தருவியாகவும் பழைய குற்றால அருவியாகவும் இறக்கும்போது வேறெங்கே பார்ப்பது? குளித்துவிட்டுத் தலை துவட்டும் நேரத்தில் ஒருமுறை குனிந்தும் பாருங்கள் என்பதே என் வேண்டுகோள். அருவி இறங்கி ஓடையாகப் பரவும் இடத்தில், நம் விரல் நீள மீன்கள் கல்லைப் பிடித்துக்கொண்டு குடும்பம் நடத்துகின்றன. அவை வாழும் வேகத்தில் நம்மால் இரண்டு நிமிடம் நிலைத்து நிற்க முடியாது.

மீனை ரசிக்க விரும்புகிறவர் முதலில் மீனைத் தேட வேண்டாம். தண்ணீரைப் பாருங்கள். பேரருவியின் தண்ணீர் ஒரே வீச்சில் தரைக்கு வருவதில்லை. பாதி உயரத்தில் பொங்குமாங்கடல் என்ற பாறைக் குடைவில் விழுந்து, அங்கே வேகம் தணிந்து, பொங்கி வழிந்த பிறகுதான் நம் தலைமேல் இறங்குகிறது. அப்படித் தணிந்து வரும் தண்ணீரே முதுகில் அடிபோல விழுகிறதென்றால், மேலே மழை வலுத்த நாளில் ஓடைக்குள் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று பெருகிய வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. மனிதர்கள் அலறி ஓடிய அந்தத் தண்ணீர்தான் இந்த மீன்களின் வீடு. அவற்றுக்கு ஏறி நிற்கக் கரை கிடையாது.

இப்போது ஒரு சோதனை. காவலர்கள் அனுமதிக்கும் இடத்தில், ஓடை பாறைமேல் ஆழமின்றிப் பரவி ஓடுமிடத்தில் உட்காருங்கள். உள்ளங்கையைத் தண்ணீருக்கு எதிராகச் செங்குத்தாக நிறுத்துங்கள். தண்ணீர் கையைப் பின்னுக்குத் தள்ளும். அதே கையைப் பாறையோடு பாறையாகத் தட்டையாகப் படுக்க வையுங்கள். தள்ளுதல் சட்டென்று குறைந்துவிடும்.

எவ்வளவு வேகமாக ஓடும் தண்ணீரும் பாறையைத் தொடும் புள்ளியில் ஓடுவதில்லை. அங்கே அதன் வேகம் பூச்சியம். பாறையிலிருந்து விலக விலக வேகம் கூடிக்கொண்டே போகும். இப்படி வேகம் குறைந்திருக்கும் அடுக்குக்கு எல்லைப் படலம் என்று பெயர். ஆடிக் காற்றில் நிற்பவரைத் தள்ளும் வேகம், வயலில் குப்புறப் படுத்தவரின் முதுகை அவ்வளவாகத் தொடுவதில்லை. அதுதான் இங்கேயும் நடக்கிறது. வேகமில்லாத அந்த மெல்லிய இடம் பாறை முழுக்க விரிந்து கிடக்கிறது. அதற்குள் உடலைப் பதுக்கத் தெரிந்த மீனுக்கு அருவி ஒரு பாதுகாப்பான ஊர். பெரிய மீன் உள்ளே வர முடியாது. பாறையில் வெயில் பட்டுப் பாசி வளர்ந்துகொண்டே இருக்கும், அதாவது சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அடித்து நுரைத்து வரும் தண்ணீரில் பிராணவாயுவும் ஏராளம்.

அந்த ஊரில் முதலில் கண்ணில் படக்கூடியது கர்ரா பேரினத்து மீன்கள். கல்லொட்டி என்று இங்கே அவற்றைச் சொல்லிக்கொள்கிறேன். கெண்டைக் குடும்பம்தான், ஆனால் குளத்துக் கெண்டையோடு ஒப்பிட்டால் ஒரு சாயலும் தெரியாது. வயிறு தட்டை. முதுகு மட்டும் உருண்டிருக்கும். வாய் தலையின் அடியில். கீழ் உதட்டுக்குப் பின்னால் மெத்தென்ற ஒரு வட்டத் தகடு; அதுதான் இதன் பிடிமானம். மார்புத் துடுப்புகளும் வயிற்றுத் துடுப்புகளும் இரண்டு பக்கமும் கிடையாக விரிந்து பாறையோடு படிந்திருக்கும். அந்தத் துடுப்புகளின் மேல் தண்ணீர் மோத மோத மீன் கீழ்நோக்கி அழுந்துகிறது. பெயர்த்துக்கொண்டுபோக வரும் விசையின் ஒரு பங்கு அதை அமர்த்தி வைக்கவே செலவாகிறது. இந்த ஏற்பாட்டை முதன்முதலாகப் புரிந்துகொள்ளும் நொடியில் கிடைக்கும் மகிழ்ச்சியை நான் வேறெந்த மீனிடமும் அடைந்ததில்லை.

பார்க்கும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். ஒரு கல்லைத் தேர்ந்துகொண்டு, உங்கள் நிழல் அதன்மேல் விழாதபடி, ஓடை போகும் பக்கம் நின்றுகொள்ளுங்கள். மீன்கள் எப்போதும் தண்ணீர் வரும் திசையைப் பார்த்தே நிற்கும் என்பதால் பின்னாலிருந்து அணுகுவது நல்லது. மீனின் நிறமும் கல்லின் நிறமும் ஒன்றுதான், ஆகவே மீன் முதலில் தெரியாது. அது மேய்ந்த தடம் தெரியும். பாசி படிந்த பழுப்புக் கல்லில் அங்கங்கே சுரண்டியெடுத்த வெளிர்த் திட்டுகள் இருந்தால் மேய்ச்சல் நடக்கிறது என்று பொருள். கண்ணை அந்தத் திட்டுகளின் ஓரத்தில் வையுங்கள். கல்லின் ஒரு பகுதி திடீரென்று ஒரு சாண் முன்னால் நகர்ந்து மறுபடி கல்லாகிவிடும். அதுதான் கல்லொட்டி. பிடியை விட்டு அடுத்த பிடியைப் பற்றும் அந்த இடைவெளியைக் கவனியுங்கள். ஆற்றின் முழு வேகத்துக்கும் அது தன்னை ஒப்புக்கொடுப்பது அந்தக் கண்ணிமைப் பொழுதில் மட்டும்தான். ஏற்கெனவே எங்கே இறங்குவது என்று தீர்மானித்துவிட்டுத்தான் பிடியை விடுகிறதோ என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

மேற்பரப்பில் அலையும் தண்ணீர் பார்வையை மறைக்கும். அடிப்பக்கம் தெளிவாக உள்ள கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பா ஒன்றை நீர்மட்டத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு அதன் வழியே பாருங்கள். குழந்தைகளுக்கு இதைவிடப் பெரிய பரிசு இல்லை.

கல்லொட்டியைப் பார்த்துப் பழகியவர்கள் அடுத்து பவானியா ஆஸ்ட்ராலிஸ் என்ற மீனைத் தேடலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் வேகமான ஓடைகளில் வாழ்வது, 1849-ல் ஜெர்டன் அறிவியலுக்கு அறிமுகம் செய்தது. கல்லொட்டிக்கு உதட்டில் பிடி. இதற்கோ உடலே பிடி: அகன்ற துடுப்புகளும் தட்டை வயிறும் சேர்ந்து கல்லில் அப்பிக்கொள்கின்றன. இதன் உறவினர்களில் ஒன்று தாய்லாந்துக் குகைகளில் இருக்கிறது. அந்தக் கண்ணில்லாத மீன் அருவிப் பாறையில் நான்கு கால் பிராணிகளைப் போலவே மாறி மாறித் துடுப்பெடுத்து வைத்து ஏறுவதை 2016-ல் ஓர் ஆய்வு விளக்கியது.

இந்த உடல்களை அக்கறையோடு படித்த இந்தியர் சுந்தர் லால் ஹோரா. பின்னாளில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் இயக்குநரானவர். மலை ஓடை உயிர்களின் பிடிமான உறுப்புகளைப் பற்றி 1930-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் அவர் எழுதிய நீண்ட கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஹோராவை ஆட்டிவைத்த புதிர் இன்னொன்று. இமயத்தின் ஓடைகளிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் உள்ள இதே வகை மீன்கள் இடையில் இருக்கும் சமவெளியைத் தாண்டி மேற்குத் தொடர்ச்சி மலைக்கு எப்படி வந்தன? விந்திய, சாத்பூரா மலைகள் ஒரு காலத்தில் பாலமாக இருந்திருக்கும் என்றார் அவர். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. நம் பக்கத்திலேயே ஆழ்வார்குறிச்சியில், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீ பரமகல்யாணி சுற்றுச்சூழல் அறிவியல் மையத்தில், பேராசிரியர் எம். அருணாசலமும் அவருடைய மாணவர்களும் இந்த மலைகளின் ஓடை மீன்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறார்கள்.

இனி நத்தைமீனிடம் வருவோம். அது எப்படி நசுங்காமல் இருக்கிறது? நசுங்கக்கூடியது காற்று. மீன்கள் மிதப்பதற்கு வைத்திருக்கும் காற்றுப்பை நத்தைமீனுக்குக் கிடையாது. செதில் கிடையாது, எலும்பு மென்மை, உடல் கூழ்த்தன்மை. உள்ளே இருக்கும் நீரும் வெளியே இருக்கும் நீரும் ஒரே அழுத்தத்தில் இருப்பதால் உடல் சிதைவதில்லை. அந்த அழுத்தத்தில் குலைந்துபோகக்கூடியவை புரதங்கள். அவற்றைத் தாங்கிப் பிடிக்க ட்ரைமெதிலமின் ஆக்சைடு என்ற பொருளை அது உடலில் நிறைத்து வைத்திருக்கிறது. கடல்மீன் பழசாகும்போது எழும் கவுச்சி வாடை இந்தப் பொருள் சிதைவதால் வருவதே. ஆழம் கூடக் கூட மீன்களில் இதன் அளவும் கூடுகிறது. ஏறத்தாழ 8,200 முதல் 8,400 மீட்டருக்குக் கீழே மீனால் வாழ முடியாது என்று அறிஞர்கள் 2014-ல் கணித்ததும் இதை வைத்துத்தான்.

நம் ஓடை மீன்களிலும் காற்றுப்பை சிறுத்துப்போயிருக்கிறது. ஆழத்தில் காற்று நசுங்கும் என்பதால் ஒரு மீன் அதை விட்டது. அருவியில் மிதப்பு எழுந்தால் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால் இன்னொன்று அதைக் குறைத்துக்கொண்டது. நத்தைமீன் குடும்பத்தில் பலவற்றுக்கு வயிற்றுத் துடுப்புகள் சேர்ந்து ஓர் உறிஞ்சு தகடாகவே மாறியிருக்கின்றன. நெருங்கிய உறவில்லாத இரண்டு குடும்பங்கள், ஒன்று துடுப்பிலிருந்தும் மற்றொன்று உதட்டிலிருந்தும், ஒரே வகைப் பிடியைச் செய்துகொண்டன. இவை பலசாலிகள் என்பதால் பிழைக்கவில்லை. அழுத்தத்தை உள்ளே விட்டது ஒன்று, வேகம் இல்லாத இடத்தில் படுத்துக்கொண்டது மற்றொன்று. எதிர்த்து நிற்கும் வேலையையே இரண்டும் தவிர்த்துவிட்டன.

எதிர்த்து நீந்தும் மீன் எப்படி இருக்கும் என்று பார்க்க, கணவாய்க்கு அந்தப் பக்கம் குளத்துப்புழை சாஸ்தா கோயில் படித்துறைக்குப் போகலாம். திருமக்கள் என்று போற்றிப் பக்தர்கள் தீனி போடும் அந்த மஹ்சீர் மீன்களின் திரண்ட உடலையும் வால் வீச்சையும் பார்த்துவிட்டுக் கல்லொட்டியைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். குற்றாலத் தண்ணீரைக் கொண்டுபோகும் சிற்றாறு தென்காசி தாண்டி மணலாகும்போது உடல்கள் மறுபடி மாறும். அங்கே நமக்கெல்லாம் குழம்பாகத் தெரிந்த அயிரை, ஓடை அடிமணலுக்குள் மெலிந்த உடலைச் செருகிக்கொள்ளும். ஒரே ஆற்றின் ஓட்டத்தை மீன்களின் உடலிலேயே படித்துக்கொண்டு போகலாம்.

எப்போது போவது? சீசன் உச்சத்தில் தண்ணீர் கலங்கியிருக்கும், கூட்டமும் நெரியும். சாரல் அடங்கித் தண்ணீர் தெளியும் நாட்களின் காலை நேரம் மிக நல்லது. செண்பகாதேவி, தேனருவி ஆகியவை வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ளவை, அனுமதியின்றி ஏறாதீர்கள். பேரருவிக்குக் கீழேயும் ஐந்தருவி ஓடையிலும் பார்க்கக் கிடைப்பதே போதும். மலையில் மழைமேகம் கறுத்தாலோ, தெளிந்த தண்ணீர் செம்மண் நிறம் காட்டினாலோ உடனே வெளியேறுங்கள்.

கல்லைப் புரட்ட வேண்டாம். கல்லில் பூச்சிகளின் புழுக்கள் ஒட்டியிருக்கும். அவற்றில் ஒரு வகைக்கு வயிற்றில் வரிசையாக ஆறு உறிஞ்சு வட்டுகள் உண்டு. ஹோரா அவற்றையும் ஆராய்ந்தார். மீனைப் பிடித்து வீட்டுத் தொட்டிக்குக் கொண்டுபோக ஆசைப்படாதீர்கள். நுரைத்து ஓடும் தண்ணீருக்குப் பழகியவை தேங்கிய தண்ணீரில் மூச்சுத் திணறிச் செத்துவிடும். அருவிகளில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. ஆனாலும் பாறை இடுக்குகளில் ஷாம்பு உறைகள் சிக்கிக் கிடப்பதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. சோப்பு நுரை மீனின் செவுளைப் புண்ணாக்கும், அதன் சாப்பாடான பாசியையும் கெடுக்கும். உங்கள் கூட்டத்தில் யாராவது உறையைக் கிழிக்கப் போனால், முதலில் அவரைக் கூட்டிப்போய் அந்த மேய்ச்சல் தடங்களைக் காட்டுங்கள்.