மிஸ் கமலாவின் பேனா

சினிமாவுக்கு எழுதி ஆஸ்கார் வாங்கிய முதல் பெண் யார்? பிரான்சிஸ் மரியன். வருஷம் 1930. படம் 'தி பிக் ஹவுஸ்'. குடும்பக் கண்ணீர்க் கதை என்று நினைத்துவிடாதீர்கள். முரட்டு ஆண்கள் அடைபட்டுக் கிடக்கும் ஜெயில் கதை. அதோடு விட்டாரா? குத்துச்சண்டைக்காரன் ஒருவனையும் அவன் பிள்ளையையும் வைத்து 'தி சாம்ப்' எழுதி, இரண்டாவது ஆஸ்காரையும் வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டார்.

அவர் தனி ஆள் இல்லை. அனிதா லூஸ் எழுதிய 'தி நியூயார்க் ஹாட்' 1912-லேயே கிரிஃபித் இயக்கத்தில் வந்துவிட்டது. ரூடால்ஃப் வாலண்டினோ என்ற ஊர் பேர் தெரியாத இளைஞரை 1921-ல் நட்சத்திரம் ஆக்கிய படத்தின் திரைக்கதை ஜூன் மேதிஸ் என்ற பெண்மணியுடையது. அவரைத்தான் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததும் அந்த அம்மாள்தான். லோயிஸ் வெபர் எழுதினார், இயக்கினார், சொந்த ஸ்டூடியோவே நடத்தினார்.

எப்படி இத்தனை பெண்கள்? விடை ரொம்ப சிம்பிள். அப்போது சினிமாவை யாரும் மதிக்கவில்லை. நாடகம் எழுதுகிறவர் கௌரவமானவர். சினிமாவுக்கு எழுதுகிறவர் ஏதோ பொழுது போகாதவர். மதிப்பில்லாத வேலைக்குப் போட்டி இருக்காது. கதவைத் திறந்து போட்டிருந்தார்கள். பிறகு வங்கிப் பணம் வந்தது, பெரிய ஸ்டூடியோக்கள் வந்தன, பேசும் படம் வந்தது. எழுத்தாளர் நாற்காலிக்குக் குஷன் போட்டார்கள். குஷன் போட்டதும் உட்கார ஆண்கள் வந்துவிட்டார்கள். மரியன் போலச் சிலர் தாக்குப்பிடித்தார்கள். லோயிஸ் வெபர் 1939-ல் கையில் காசில்லாமல் செத்துப்போனார்.

சரி, அது அமெரிக்கா. நம்ம ஊர் சமாசாரம் என்ன?

எங்கள் பெருங்களத்தூர் குடியிருப்பில் ஒரு பொங்கல் விழாவில் சின்னப் பிள்ளைகளுக்கு வினாடி வினா வைத்தார்கள். 'தமிழின் முதல் பேசும் படக் கதாநாயகி யார்?' என்றதும் நாலு கைகள் உயர்ந்தன. 'டி.பி.ராஜலட்சுமி!' அடுத்த கேள்வி, 'முதல் பெண் இயக்குநர்?' அதற்கும் அதே பதில், அதே கைகள். எனக்கு மூன்றாவதாக ஒரு கேள்வி கேட்க ஆசை. அந்த அம்மாள் இயக்கிய படத்தின் கதையை எழுதியது யார்? பிள்ளைகளை விடுங்கள், பெரியவர்களே மேலே ஓடும் ஃபேனைப் பார்த்திருப்பார்கள்.

எழுதியதும் அவர்தான்.

திருவையாறு பஞ்சாபகேச ராஜலட்சுமி. 1911-ல் பிறந்தவர். அந்தக் கால வழக்கப்படி சின்ன வயதிலேயே கல்யாணம், அது நிலைக்கவில்லை. குடும்பம் காப்பாற்ற நாடக மேடை ஏறினார். கம்பெனி கம்பெனியாக ஊர் சுற்றி, மௌனப் படங்களில் முகம் காட்டி, பம்பாய் போய் 'காளிதாஸ்' படத்தில் தமிழ் பேசினார். கதாநாயகன் பதிலுக்குத் தெலுங்கு பேசினார் என்பது வேறு விஷயம். படப்பெட்டி சென்னை வந்து சேர்ந்தபோது ஜனங்கள் ரயில் நிலையத்துக்கே போய்த் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார்கள். 1931 அக்டோபர் 31-ம் தேதி, வால்டாக்ஸ் ரோடு கினிமா சென்ட்ரலில் ரிலீஸ். 1933-ல் 'வள்ளி திருமணம்' சக்கைப்போடு போட்டது. 'சினிமா ராணி' என்று பட்டமே கொடுத்துவிட்டார்கள்.

வேறொருவராக இருந்தால் அதோடு திருப்திப்பட்டு நகை வாங்கியிருப்பார். இவர் பேனா வாங்கினார். 'கமலவல்லி' என்று தான் எழுதிய நாவலை எடுத்துத் திரைக்கதையாக்கி, சொந்தக் கம்பெனி வைத்துத் தயாரித்து, இயக்கி, அதில் நடிக்கவும் செய்தார். 1936-ல் வந்த அந்தப் படத்தின் பெயர் 'மிஸ் கமலா'.

அந்த 'மிஸ்'ஸைக் கொஞ்சம் கவனியுங்கள். அதே 1936-ல் வெளிவந்த இன்னொரு படம் 'சதி லீலாவதி'. எம்.ஜி.ஆரின் முதல் படம் என்பதால் எல்லோருக்கும் தெரியும். இயக்கியவர் அமெரிக்காவிலிருந்து வந்த எல்லிஸ் ஆர்.டங்கன். கதை எஸ்.எஸ்.வாசன். ஒருத்தி சதி, இன்னொருத்தி மிஸ். புருஷனை வைத்துப் பெண்ணுக்கு அடைமொழி கொடுத்த காலத்தில், புருஷன் பேச்சே இல்லாத ஒரு அடைமொழியைப் போஸ்டரில் போட ஒரு பெண்தான் வேண்டியிருந்தது.

இதில் ஒரு வேடிக்கை வேறு உண்டு. 'சதி லீலாவதி' கதை யாருடையது என்று தகராறு கிளம்பியபோது, அதன் மூலம் 1860-ல் வெளிவந்த 'டேன்ஸ்பரி ஹவுஸ்' என்ற ஆங்கில நாவல் என்று வாசனே சொல்லிவிட்டார். அதை எழுதியவர் எல்லன் உட் என்ற பெண்மணி. அட்டையில் அவர் பெயர் எப்படி இருக்கும்? மிஸஸ் ஹென்றி உட்! ஆக, அந்த வருஷம் தமிழ் சினிமாவில் இரண்டு பெண்களின் கதைகள் ஓடின. ஒரு பெண் புருஷன் பெயருக்குப் பின்னால், அந்தப் புருஷன் பெயரும் வாசன் பெயருக்குப் பின்னால். இன்னொருத்தி மட்டும் சொந்தப் பெயரில்.

'மிஸ் கமலா' நல்ல படமா? இதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது. படம் இல்லை. பிரதி எதுவும் மிஞ்சவில்லை. 'காளிதாஸ்' கதியும் அதுதான். அந்தக் கால பிலிம் சீக்கிரம் தீப்பிடிக்கும் நைட்ரேட் சரக்கு; எரிந்தது பாதி, மக்கியது பாதி. ஓடி முடித்த பிரதியை அதிலிருக்கும் வெள்ளிக்காக உருக்கியதும் உண்டு. பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியது 1964-ல். ராஜலட்சுமி காலமானதும் 1964-ல்தான். எடுத்து வைக்க இடம் வந்தபோது வைப்பதற்கு எதுவும் இல்லை.

அதனால் 'மாபெரும் காவியம்' என்று இல்லாத படத்தைப் புகழ்வதில் அர்த்தமில்லை. ஒருவேளை சுமாரான படமாகவே இருந்திருக்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தன் கதையைத் தானே திரைக்கதையாக்கி, எந்தக் காட்சி எங்கே வெட்டப்படும் என்பதையும் தானே தீர்மானிக்கும் இடத்தில் ஒரு தமிழ்ப் பெண் 1936-லேயே இருந்தார். அதற்குப் பின் வந்தவர்களுக்கு அது கிடைத்ததா?

வை.மு.கோதைநாயகி அம்மாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூடம் கிடையாது. முதல் நாடகத்தை அவர் வாயால் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர்தான் எழுதித் தந்தார். அப்புறம் 115 நாவல்கள்! 'ஜகன்மோகினி' பத்திரிகையைப் பல வருஷம் நடத்தினார். காங்கிரஸ் மேடைகளில் பேச்சாளர், ஜெயிலுக்கும் போய்வந்தவர். அவருடைய 'அநாதைப் பெண்' 1938-ல் ஜூபிடர் தயாரிப்பில் படமானது. 'ராஜமோகன்' அதற்கு முந்தின வருஷமே வந்துவிட்டது. 1966-ல் வந்த 'சித்தி' அவருடைய 'தயாநிதி'. அவர் 1960-லேயே போய்விட்டார். உடன்பிறந்தவனின் படிப்புக்காக, வீடு நிறையப் பிள்ளைகள் உள்ள ஒரு கிழவருக்கு வாழ்க்கைப்படும் பெண்ணின் கதை. பத்மினியும் எம்.ஆர்.ராதாவும் பின்னி எடுத்திருப்பார்கள். படத்தை எல்லோரும் கே.எஸ்.கோபாலகிருஷ்ணன் படம் என்பார்கள். தப்பில்லை, திரைக்கதை, வசனம், இயக்கம் அவர்தான். ஆனால் அந்தப் பெண்ணை அப்படியொரு மூலையில் நிறுத்தி, 'இப்போ என்னடியம்மா செய்வாய்?' என்று முதலில் கேட்டது திருவல்லிக்கேணியில் உட்கார்ந்து எழுதிய கோதைநாயகி.

இன்னும் பாருங்கள். 'இருவர் உள்ளம்' (1963). கதை, லக்ஷ்மியின் 'பெண் மனம்'. வசனம், கலைஞர். '47 நாட்கள்' (1981). கதை, சிவசங்கரி. திரைக்கதை, இயக்கம், பாலசந்தர். எல்லாம் நல்ல படங்கள்தான். ஆனால் திரும்பத் திரும்ப ஒரே பங்கீடு. கதை பெண்ணுடையது, திரைக்கதை வசனம் ஆணுடையது. அரிசி அம்மா வீட்டிலிருந்து வரும், கரண்டி மட்டும் ஐயா கையில்.

ஏன் இப்படி? ஹாலிவுட்டில் நடந்ததே கொஞ்சம் தமிழ் மசாலாவோடு இங்கேயும் நடந்தது. ஆரம்பத்தில் இங்கும் யார் எங்கே நிற்க வேண்டும் என்ற சட்டம் இல்லை. ஏ.நாராயணன் சென்னையில் ஸ்ரீனிவாஸா சினிடோன் ஆரம்பித்தபோது ஒலிப்பதிவு செய்தவர் அவர் மனைவி மீனாட்சி நாராயணன். பிறகு வசனம் என்பது தனி ராஜாங்கம் ஆயிற்று. இளங்கோவன் 'கண்ணகி'யில் அடுக்கிய தமிழுக்காகவே கூட்டம் வந்தது. 1952-ல் 'பராசக்தி' வந்தபின் வசனகர்த்தா பெயரைப் பார்த்து டிக்கெட் வாங்கினார்கள். சினிமா வசனமும் அரசியல் மேடையும் ஒன்றையொன்று வளர்த்தன. மேடை யாரிடம் இருந்ததோ அவரிடம் பேனாவும் போயிற்று.

மேடையில் பேசத் தெரிந்த பெண்கள் இல்லையே என்று சொல்லிவிட முடியாது. கோதைநாயகி இருந்தாரே! அவரிடம் கதையை வாங்கிக்கொண்டார்கள், வசனம் எழுதச் சொல்லி வாசலில் வரிசையாக யாரும் வந்து நிற்கவில்லை. திறமை இருந்தும் கதவைத் தட்ட ஆள் வராததுதான் விஷயம்.

நடுநடுவே சில விதிவிலக்குகள். பானுமதி 1953-ல் 'சண்டிராணி'யை மூன்று மொழிகளில் இயக்கினார். அவர் சிறுகதையும் எழுதுவார், பாடுவார், சொந்த ஸ்டூடியோவும் வைத்திருந்தார். எம்.ஜி.ஆர், சிவாஜியையே 'மிஸ்டர்' போட்டுக் கூப்பிடும் பெண்மணி என்று கதை கதையாய்ச் சொல்வார்கள். அவரை மாதிரி தைரியம் இருந்தால்தான் உள்ளே வர முடியும் என்றால், தைரியம் குறைந்த திறமைசாலிப் பெண்கள் எத்தனை பேர் வாசலோடு திரும்பியிருப்பார்கள்? ஆண்களுக்கு அந்தப் பரீட்சை கிடையாது. சுமாராக எழுதும் பயந்த சுபாவக்காரர்கூட நாற்பது படம் எழுதியிருக்கிறார்.

2022-ல் ஒரு சேதி வந்தது. 'சூரரைப் போற்று' படத்துக்குச் சிறந்த திரைக்கதைக்கான தேசிய விருது. வாங்கியவர்கள் சுதா கொங்கராவும் ஷாலினி உஷா நாயரும். இரண்டு பெண்கள். மூலம் என்ன? கேப்டன் கோபிநாத் எழுதிய சுயசரிதை. விமானக் கம்பெனி ஆரம்பித்த ஓர் ஆணின் வாழ்க்கை. பங்கீடு தலைகீழாகியிருக்கிறது பாருங்கள். அரிசி ஐயாவுடையது, கரண்டி அம்மாக்கள் கையில். பிரான்சிஸ் மரியன் ஜெயில் கதை எழுதிய மாதிரி. பெண் எழுத்தென்றால் பெண் கண்ணீர் மட்டும்தான் என்ற கட்டாயம் அங்கே இல்லை. 'மிஸ் கமலா'வுக்கும் அந்த விருதுக்கும் நடுவில் 86 வருஷம்.

ராஜலட்சுமிக்கு 1961-ல் கலைமாமணி கொடுத்தார்கள். நடிகையாக மதித்தோம், 'முதல் பெண்' என்று பொது அறிவுப் புத்தகத்தில் ஏற்றினோம். 'முதல்' என்ற பட்டத்தில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டால் அவர் என்ன எழுதினார் என்று பார்க்க வேண்டியதில்லை. மாலை போட்டாயிற்று, கூட்டம் கலையலாம். அவர் நாவல்களை யாராவது வரிசைப்படுத்திப் பதிப்பித்து, 'இந்த அம்மாள் எப்படிக் கதை சொல்கிறாள்?' என்று பிரித்துப் பார்த்துத் திட்டினால்கூட எனக்குச் சந்தோஷம். எழுத்தாளருக்கு உண்மையான மரியாதை அதுதான். படம் போய்விட்டது, சரி. பேனாவையாவது தேடலாமே.

உங்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். அடுத்த முறை டி.வி.யில் கருப்பு வெள்ளைப் படம் ஓடும்போது, டைட்டில்தானே என்று காபி போட எழுந்து போகாதீர்கள். 'கதை' என்று ஒரு கார்டு சட்டென்று வந்து போகும். அதில் ஒரு பெண் பெயர் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். காபி எங்கே ஓடிவிடப் போகிறது? அந்தக் கார்டு மூன்று செகண்டில் ஓடிவிடும்.