மால்குடியும் மொழியும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். அந்நிலத்திற்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். மாந்தரின் ஒழுக்கமும் உணர்வும் உரிப்பொருள். உலகில் இல்லாத ஓர் ஊரைப் படைக்கப் புகும் ஆசிரியனுக்கும் இம்மூன்றும் இன்றியமையாதவை. இவ்வளவுகோலைக் கொண்டு, நம்மில் பலர் குடும்பத்தோடு அமர்ந்து கண்டு மகிழ்ந்த 'மால்குடி டேஸ்' தொலைக்காட்சித் தொடரை நோக்குவோம்.

1906இல் சென்னையில் பிறந்து, புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்த ஆர். கே. நாராயண் கதை எழுத அமர்ந்தபோது, அவர் மனக்கண்ணில் முதலில் தோன்றியது ஒரு சிறிய ரயில் நிலையமாம். அந்நிலையத்தைச் சுற்றியே மால்குடி வளர்ந்தது. 1935இல் 'சுவாமியும் நண்பர்களும்' வெளிவந்தது. சரயு ஆறும், மெம்பி மலையும், கபீர் தெருவும், ஆல்பர்ட் மிஷன் பள்ளியும் எந்தத் தேசப்படத்திலும் இல்லை; ஆயினும் படித்தவர் எவரும் அவ்வூரில் வழிதவறுவதில்லை.

இவ்வூரைச் சங்கர் நாக் 1986இல் இந்தியிலும் ஆங்கிலத்திலும் தொடராக்கினார். படப்பிடிப்புக்கு அவர் தேர்ந்த இடம் கர்நாடகத்து மலைநாட்டிலுள்ள ஆகும்பே. தென்னகத்தின் சிரபுஞ்சி எனப் பெயர்பெற்ற மழையூர் அது. நாவலிலோ வெயிலில் புழுதி பறக்கச் சிறுவர் அலைகிறார்கள். மாலையில் ஆற்றுமணலில் கூடுகிறார்கள். ஆக, முதற்பொருள் மாறிவிட்டது. ஆனால் இதனைக் குறையென்று கூற நான் துணியேன். சுவாமியாக நடித்த மாஸ்டர் மஞ்சுநாத்தின் விழிகளும், தந்தையாக வந்த கிரீஷ் கர்னாடின் கண்டிப்பும், ஆர். கே. லட்சுமணின் கோட்டோவியங்களும், எல். வைத்தியநாதனின் முகப்பிசையும் உரிப்பொருளைச் சற்றும் சிதையாமல் காத்தன. தேர்வுக்கு அஞ்சும் சிறுவனின் நெஞ்சம் மலையில் ஒன்று, சமவெளியில் ஒன்று அன்று. தொடரில் இடம்பெற்ற அரசாளு ரயில் நிலையத்தின் பழைய கட்டடம் 2020இல் மால்குடி அருங்காட்சியகம் ஆயிற்று என்றால், கற்பனை ஊர் மெய்யூரையே வென்றுவிட்டது எனலாம்.

பின் எங்கே நெருடுகிறது? பேச்சில்தான்.

நாவலை மீண்டும் புரட்டுங்கள். ஆல்பர்ட் மிஷன் பள்ளியில் தமிழ்ப் பண்டிதர் இலக்கணம் நடத்துகிறார். புதிதாக வந்த ராஜம் வெள்ளைக்காரனைப் போல் ஆங்கிலம் பேசுகிறான். வகுப்பே வியந்து நிற்கிறது. அவ்வியப்புக்குக் காரணம் என்ன? மற்றச் சிறுவர் வேறொரு மொழியில் வாழ்கிறார்கள் என்பதே. நாராயண் ஆங்கிலத்தில் எழுதினாலும், இவ்வேறுபாட்டைத் தம் கூற்றாகச் சொல்லி உணர்த்திவிடுகிறார். காட்சிக் கலைக்கு அவ்வசதி இல்லை. அங்கே மொழி காதில் விழுந்தாக வேண்டும். எல்லோரும் ஆங்கிலம் பேசும் வடிவத்தில் ராஜத்தின் ஆங்கிலத்துக்கு என்ன தனிமை? எல்லோரும் இந்தி பேசும் வடிவத்தில் பாட்டியின் குரல் எந்த ஊர்க் குரல்? மால்குடி எல்லார்க்கும் சொந்தமாயிற்று. ஆனால் அதற்குத் தன் நாவை விலையாகக் கொடுத்தது.

இது தவிர்க்கவியலாத விதியன்று. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1960 முதல் 1968 வரை வந்த நகைச்சுவைத் தொடரொன்றின் களமாகிய மேபெரியும் கற்பனைச் சிற்றூரே. வட கரோலினாவில் இருப்பதாகச் சொல்லப்பட்ட அவ்வூரைக் கலிபோர்னியாவில்தான் படம்பிடித்தார்கள். எனினும் கதைத்தலைவராக நடித்த ஆண்டி கிரிபித், தாம் பிறந்த தென்மாநிலத்துப் பேச்சை விட்டுக்கொடுக்கவில்லை. மண் மாறியது, நா மாறவில்லை. அதுவே அவ்வூரை ஊராக்கியது.

நம்மூரிலேயே ஒரு சான்று உண்டு. நீல. பத்மநாபன் 1970இல் வெளியிட்ட 'பள்ளிகொண்டபுரம்' நம் திருவனந்தபுரமே. மலையாளக் குடும்பமொன்றின் கதையைத் தமிழில் சொல்லும் அந்நாவலில், இவ்வூர்ப் பேச்சின் வாடை வரிக்கு வரி வீசுகிறது. பெயர் கற்பனை, ஒலி மெய். மால்குடித் தொடருக்குக் கிட்டாத பேறு இது.

தொல்காப்பியரின் கருப்பொருள் பட்டியலில் மொழி இல்லை என்பதை ஈண்டு எண்ணிப் பார்க்கலாம். வேங்கடத்துக்கும் குமரிக்கும் இடைப்பட்ட நிலத்தைத் தமிழ் வழங்கும் நிலமென்றே அந்நூலின் பாயிரம் வரையறுத்துவிட்டது. ஐந்திணை மாந்தரும் ஒரே மொழி பேசுகையில் அதனைத் தனியே எண்ணுவானேன்? ஆனால் தம்பானூர் நிலையத்தில் வந்திறங்கி, இங்கேயே குடும்பமாகி, தெருவில் மலையாளமும் அலுவலகத்தில் ஆங்கிலமும் பேசும் நமக்கு அவ்வுறுதி இல்லை. வீட்டுக்குள் பேசும் தமிழ் ஒன்றே நம் நிலத்தில் நின்ற எச்சம். ஆகவே நம்மைப் போன்றோர்க்கு மொழியே முதற் கருப்பொருள்.

தொடரை நம் குழந்தைகளுக்குத் தாராளமாகக் காட்டுவோம். அது நல்ல கலை. காட்டி முடித்தபின், அதே கதையை வீட்டிலுள்ள பாட்டி ஒருமுறை தமிழில் சொல்லட்டும். சுவாமியின் வீட்டில் என்ன பேசியிருப்பார்கள் என்பதை அவர்கள் அப்போதுதான் கேட்பார்கள்.